வீட்ல ஜென்ட்ஸ் இருக்காங்களா மேடம்?

பெரிய சாமான் எதையாவது ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருந்த பெண்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி பழக்கமாகியிருக்கும். வண்டி தெருமுனைக்கு வந்ததும் போன் வரும். முகவரி சரிதானா என்று கேட்ட கையோடு, "மேடம், வீட்ல ஜென்ட்ஸ் யாராவது இருக்காங்களா?" முதல் தடவை ஏதோ கையெழுத்துக்காகக் கேட்கிறார்கள் போல என்றுதான் நினைப்போம். விஷயம் அதுவல்ல, தூக்குவதற்கு ஓர் ஆள் குறைகிறது, அந்த ஆளை நம் வீட்டில் தேடுகிறார்கள்.

சமீபத்தில் எங்கள் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. கடையின் பெயர் வேண்டாம். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மேற்கு மாம்பலம், நங்கநல்லூர் பக்கம் பழைய ஃபிளாட்டுகளில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குட்டி யானையில் இரண்டு பேர் வந்தார்கள். டிரைவர் சீட்டை விட்டு இறங்கவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, எங்கள் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு ஆள் நகர்ந்தால் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே ஊரைக் கூட்டிவிடுவார்கள். மிச்சமிருந்தது இருபது வயசு மதிக்கத்தக்க ஒரு பையன், அவன் கையில் ஒரு கயிறு.

முன்பக்கம் கதவு வைத்த மெஷினைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எட்டு கிலோ துணி போடும் மெஷின் 65, 70 கிலோ இருக்கும். தொட்டி சுற்றும்போது மெஷின் குதிக்காமல் இருக்க உள்ளே கான்கிரீட் கட்டை வைத்திருக்கிறார்கள். படியில் சாய்த்தால் கீழே நிற்பவர் மேல்தான் பாரம் முழுக்க இறங்கும். "அக்கா, நீங்க மேல் பக்கம் லேசா பிடிச்சுக்கோங்க போதும், வெயிட்டு எல்லாம் நான் வாங்கிக்கிறேன்" என்றான் பையன். உண்மையாகத்தான் சொன்னான். முதல் மாடித் திருப்பத்தில் கைப்பிடிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே மெஷின் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. எழுபதைத் தாண்டிய என் அப்பா, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர், சட்டைகூடப் போடாமல் இறங்கி வந்து "இந்தப் பக்கம் சாய்ங்கப்பா" என்று கை வைத்துவிட்டார். அவரைத் திருப்பி மேலே அனுப்புவது மெஷினை ஏற்றுவதைவிடப் பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் கீழ்வீட்டில் பெயின்ட் வேலைக்கு வந்திருந்த அண்ணன் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, கயிற்றை அடியில் கொடுத்து எப்படி இழுக்க வேண்டும் என்று பையனுக்குச் சொல்லிக்கொண்டே ஏற்றினார். அந்த நேரத்தில் அங்கே வேலை தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்கும் அந்தக் கடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதில் இன்னொரு கூத்து உண்டு. மெஷின் தெருவில் நிற்கும்போதே ஓடிபி கேட்டு வாங்கிவிடுகிறார்கள். சொல்லாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கமாட்டார்கள். முதல் படியில் கால் வைப்பதற்குள் "உங்கள் பொருள் டெலிவரி செய்யப்பட்டது, எத்தனை ஸ்டார் தருவீர்கள்" என்று மெசேஜ். கம்பெனி கணக்கில் வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு படியில் நடப்பது எனக்கும் அந்தப் பையனுக்கும் உள்ள சொந்த விஷயம்!

எனக்குக் கோபம் அந்தப் பையன் மேல் இல்லை. ஒரு மனிதன் திணறினால் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும், நாளைக்கும் பிடிப்பேன். ஆனால் இது எதிர்பாராமல் வந்த திணறலா? மெஷினின் எடை கம்பெனிக்குத் தெரியும், பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. என் முகவரியில் மூன்றாம் மாடி என்று இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே செய்த பரிந்துரை, வயது வந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போனால் அதைக் குறைக்க வழி பார்க்க வேண்டும் என்கிறது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், காயம் ஏற்படுத்தக்கூடிய அளவு பாரத்தை யாரையும் தூக்க வைக்கக் கூடாது என்று தனிப் பிரிவே போட்டார்கள். ஆனால் அது தொழிற்சாலைக்கு. எங்கள் மாடிப்படி எந்தத் தொழிற்சாலையிலும் சேராது. ஆக, ஒரே ஆளை அனுப்பும்போதே இரண்டாவது ஆள் யார் என்று முடிவு செய்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். அந்த ஆளுக்குக் கூலி கிடையாது, இடுப்புப் பிடித்துக்கொண்டால் கேட்க நாதி கிடையாது. பொருளில் கீறல் விழுந்துவிட்டால் மட்டும் "நீங்களும்தானே பிடிச்சீங்க" என்று ஒரு பேச்சு வரும்.

கேஸ் சிலிண்டரிலும் இதே கதைதான். உள்ளே கேஸ் 14.2 கிலோ, காலி சிலிண்டர் பதினைந்து கிலோவுக்கு மேல், ஆக மொத்தம் முப்பது கிலோ. ரசீதில் உள்ள விலையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலியும் அடக்கம். இருந்தும் கேட்டுக்குள் வைத்துவிட்டு "லிஃப்ட் இல்லையாக்கா?" என்று கேட்பார்கள். மேலே வர வேண்டுமென்றால் தனியாகக் காசு. அரிசி மூட்டை பரவாயில்லை, சமாளித்துவிடலாம். அதுவும் 2022 ஜூலையில் 25 கிலோ வரை உள்ள பைகளுக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு 26 கிலோவாகிவிட்டது. வரிக்குத் தப்பிய அந்த ஒரு கிலோவை நாம் சுமக்கிறோம்.

பக்கத்தில் கேரளாவில் இதற்கு நேரெதிர். 1978லேயே சுமட்டுத் தொழிலாளர்களுக்கென்று, அதாவது சுமை தூக்குபவர்களுக்கென்று, சட்டம் போட்டார்கள். கூலியும் பாதுகாப்பும் கிடைத்தது. அப்புறம் அது எங்கே போய் நின்றதென்றால், நம் சாமானை நாமே இறக்கினாலும் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி, நோக்குகூலி. 2018 மே 1 முதல் அதை ஒழித்துவிட்டதாக அரசே அறிவிக்க வேண்டி வந்தது. அந்த அராஜகம் இங்கே வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் சுமப்பது ஒரு வேலை, அதற்கு ஆள் வேண்டும், கூலி வேண்டும் என்று அங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இங்கேயும் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு 1982லேயே சட்டம் வந்தது, நலவாரியம் இருக்கிறது. நம் ஆப்களுக்கு மட்டும் பாரம் தானாகப் படியேறும் என்று நினைப்பு.

"இலவச டெலிவரிக்கு இவ்வளவு பேசலாமா" என்று ஒரு நண்பர் கேட்டார். இலவசம் என்று நான் கேட்கவில்லையே. மாடிக்கு இவ்வளவு, லிஃப்ட் இல்லாவிட்டால் இவ்வளவு என்று முதலிலேயே போடட்டும், கொடுக்கிறேன். சில கடைகள் அப்படி வாங்குகின்றன, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இரண்டாவது ஆளின் கூலியை மிச்சம் பிடித்துவிட்டு அதற்கு இலவசம் என்று பெயர் வைப்பதுதான் எரிச்சல். தனியாக இருக்கும் பெண்களும் முதுகு போன பெரியவர்களும் அந்த இலவசத்தை வைத்து என்ன செய்வார்கள்? வாட்ச்மேனிடம் கெஞ்சி, கையில் நூறு ரூபாய் திணித்து ஏற்றுவார்கள்.

அடுத்த மாதம் தங்கைக்கு ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிறோம். அவளும் இரண்டாம் மாடி. எத்தனை ஆள் வருவார்கள், எந்த வாசல் வரை வரும், வழியில் அடிபட்டால் யார் பொறுப்பு என்று பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டு, பில்லிலேயே எழுதித் தரச் சொல்லப்போகிறேன். அதெல்லாம் எழுத முடியாது மேடம் என்றால், சரி, பக்கத்துக் கடையில் பார்த்துக்கொள்கிறோம்.