நெட் இல்லையாம், என்கிட்டயே சொல்லுது

"இணைய இணைப்பு இல்லை. உங்கள் இணைப்பைச் சரிபார்த்துவிட்டு மீண்டும் முயற்சிக்கவும்."

சரிபார்த்தேன்யா. ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பதரைக்கு ஆரம்பிச்சு பன்னெண்டே முக்கா வரைக்கும் அத மட்டும்தான் பண்ணேன். வாரத்துல ஒரே ஒரு நாள் லீவு, ஒரு கூடை துணி இஸ்திரி போடாம கெடக்கு, பாட்ட ஓட விட்டுட்டு நின்னா ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும்னு லேப்டாப்ப ஸ்பீக்கர்ல சொருகிட்டு ஆப்ப ஓபன் பண்ணா, மேல ஒரு பட்டை வந்து நிக்குது. நெட் இல்லையாம்.

அதே லேப்டாப்ல, பக்கத்து ஜன்னல்ல, யாரோ ஒரு அம்மா வெண்டைக்கா பொரியல் பண்ற வீடியோ ஒரு செகண்டு கூட நிக்காம ஓடுது. அந்த வெண்டைக்கா எந்த வழியா வந்துச்சாம்? கொரியர்லயா?

ஃபோன்ல கேக்க வேண்டியதுதானன்னு ஆரம்பிக்காதீங்க. ஃபோன் எம்பையன் கைல இருக்கு, ஞாயித்துக்கிழமை அத வாங்குறதுக்கு கோர்ட் ஆர்டர் வேணும். ஒரு நிமிசம் புடுங்கிப் பாத்தேன், அதே வைஃபை, அதே அக்கவுன்ட், பாட்டு ஜம்முன்னு பாடுது. அப்ப நெட்டும் இருக்கு, கட்டுன காசும் இருக்கு. காசுன்னதும் ஞாபகம் வருது, மாசாமாசம் ஆட்டோபே எடுக்கும்போது மட்டும் ஒரு தடவை கூட இவங்களுக்கு இணைப்பு இல்லாமப் போனதில்ல. நடுராத்திரி ரெண்டு மணிக்குக் கூட கரெக்டா எடுத்துக்கிட்டு நன்றின்னு மெசேஜ் வேற.

சரி, உதவிப் பக்கத்துக்குப் போவோம்னு போனா, மொத வரியே "உங்களுக்கு இணையம் இருக்கிறதா என்று பாருங்கள்". இல்லாமலா இந்தப் பக்கத்தப் படிச்சிட்டு இருக்கேன்? தந்தில வந்துச்சா எனக்கு?

அதுல போட்டிருந்த அத்தனையும் பண்ணேன், சத்தியமா. ஆப்ப மூடித் தொறந்தேன். லேப்டாப்ப ரீஸ்டார்ட் பண்ணேன், அது அப்பப் பாத்து அப்டேட் போட ஆரம்பிச்சு 27 சதவீதத்துல உக்காந்துக்கிச்சு, இருபது நிமிசம் அது மூஞ்சியப் பாத்துட்டு நானும் உக்காந்திருந்தேன். ரவுட்டர ஆஃப் பண்ணி முப்பது செகண்டு எண்ணி ஆன் பண்ணேன், அதுக்குள்ள ரூம்ல இருந்து எம்பையன் யாரோ செத்துட்ட மாதிரி ஒரு கத்து, கேம்ல தோத்துட்டானாம், அதுக்கும் நாந்தான் காரணம். ஃபயர்வால்ல போய் அந்த ஆப்புக்கு நேரா ரெண்டு கட்டம் இருக்கும்ல, பிரைவேட் பப்ளிக்னு, ரெண்டுலயும் டிக் ஏற்கனவே இருந்துச்சு, எடுத்துட்டு மறுபடி போட்டேன், ஒரு திருப்திக்கு. வெப்சைட் பேர நம்பரா மாத்திக் குடுக்குற டிஎன்எஸ்ஸ மாத்துன்னாங்க, 8.8.8.8ன்னு மாத்துனேன். அந்தக் கறுப்பு ஜன்னலத் தொறந்து, அந்தப் பக்கம் பதில் வருதான்னு பாக்க பிங் போட்டேன், நாலு பாக்கெட் அனுப்பி நாலுக்கும் பதில் வந்துச்சு, இழப்பு பூஜ்யம். இந்த வீட்டுல நான் நாலு கேள்வி கேட்டு நாலுக்கும் பதில் வந்தது அன்னைக்குத்தான் மொத தடவை.

கடைசியா போட்டிருந்தாங்க பாருங்க, "உங்கள் நெட்வொர்க் நிர்வாகியை அணுகவும்". எங்க வீட்டு நெட்வொர்க் நிர்வாகி எங்க அத்தை. ரவுட்டர் வயர உருவிட்டு மிக்ஸிய சொருகுற அதிகாரம் அவங்களுக்கு மட்டும்தான் இருக்கு.

இதுக்கு நடுவுல இவரு வேற பேப்பர மடிச்சுக்கிட்டே வந்து, "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?"ங்குறாரு. பாத்தேங்க. "இன்னொரு தடவை பண்ணிப் பாரேன்." போயிட்டாரு. அவ்வளவுதான் அவரு பங்களிப்பு. காப்பி டம்ளர இஸ்திரி டேபிள் மேல வச்சிட்டுப் போனதும் சேத்துக்கலாம்.

சாட்ல கேக்கலாம்னு போனா அங்க ஒரு பொம்மை. ஹாய்ங்குது, சிரிக்குது, உங்களுக்கு எப்படி உதவட்டும்ங்குது. மேட்டர சொன்னேன். ரொம்ப வருத்தமா இருக்காம் அதுக்கு. இந்த லிங்க்கப் பாருங்கன்னு ஒண்ணு குடுத்துச்சு, தட்டுனா நான் காலைல படிச்ச அதே பக்கம். பிரச்சனை தீர்ந்ததா, ஆம், இல்லை. இல்லைய அமுக்குனேன். திரும்ப அதே லிங்க். மூணு தடவை சுத்திட்டு, நாலாவது தடவை ஆம்னு அமுக்கிட்டு வெளிய வந்தேன். அவங்க கணக்குல நான் திருப்தியான வாடிக்கையாளர்.

சரி வர்றது வரட்டும்னு ஆப்ப மொத்தமா தூக்கிட்டு புதுசா டவுன்லோட் பண்ணேன். யோசிங்க, நெட் இல்லன்னு சொல்ற ஆப்ப நெட்ல இருந்துதான் எறக்குறேன், அரை நிமிசத்துல எறங்குது. லாகின்ங்குது, தட்டுனா பிரவுசருக்குத் தள்ளுது, பாஸ்வேர்டு மறந்து போச்சு, மெயில் வந்து, புதுசு போட்டு, அதுல பெரிய எழுத்து வேணும் நம்பர் வேணும்னு அலைஞ்சு, கடைசில பிரவுசர் பச்சை டிக் போட்டு "எல்லாம் முடிஞ்சது, நீங்க ஆப்புக்குத் திரும்பலாம்"னு சொல்லுது. திரும்புனேன்.

இணைய இணைப்பு இல்லை.

அந்த எடத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு, பொய் சொல்லல.

அடுப்படில கோடை எஃப்எம் பாடிட்டு இருந்துச்சு. திண்டுக்கல்லுல இருக்கவங்களுக்கு சொல்லவே வேணாம், 100.5, கொடைக்கானல் மலை மேல இருந்து அனுப்புறாங்க, கீழ நமக்கு ஓட்டை ரேடியோவுல கூட கணீர்னு வந்து விழும். அத்தை ரேடியோவுல ஆன்டெனா பாதி ஒடஞ்சு ஈயக்கம்பி சுத்தி வச்சிருக்காங்க. அதுக்கு பாஸ்வேர்டு இல்ல. கொரகொரன்னா தலைல ஒரு தட்டு, அதான் மொத்த சர்வீசும்.

பதினொன்னேகாலுக்கு எங்கக்கா மகனுக்கு வீடியோ கால் போட்டேன், ஓசூர்ல இருக்கான், கம்ப்யூட்டர் வேலைதான். தூக்கக் கலக்கத்துல எடுத்து, "ரீஸ்டார்ட் பண்ணீங்களா சித்தி?"ன்னான். அவன் நல்ல நேரம், நடுவுல நூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கு. அப்புறம் சுதாரிச்சுக்கிட்டு இதத் தொடுங்க அதத் தொடுங்கன்னு ஒரு மணி நேரத்துக்கு மேல, நான் ஃபோன ஸ்கிரீனுக்குக் காட்ட, அவன் "சித்தி கிட்ட வராதீங்க, மங்கலா இருக்கு"ங்க, "தள்ளிப் போனா எழுத்து தெரியலடா"ன்னு நான் சொல்ல, ஃபோன் போன துக்கத்துல எம்பையன் சுத்திச் சுத்தி வர. கடைசில அவனே, "லாகின் ஸ்கிரீன்ல கீழ செட்டிங்ஸ்னு சின்னதா இருக்கா பாருங்க"ன்னான். இருந்துச்சு. எறும்பு சைசுல, சாம்பல் கலர்ல. தட்டுனா ப்ராக்ஸின்னு ஒரு பெட்டி, அதாவது நெட்டுக்கு நேராப் போகாம நடுவுல இன்னொரு கம்ப்யூட்டர் வழியாப் போகச் சொல்றது, அதுக்குள்ள 10ன்னு ஆரம்பிக்குற ஏதோ ஒரு நம்பர், பக்கத்துல போர்ட் 3128.

"இது யாரு சித்தி போட்டது?"

ஒரு நிமிசம் எனக்கு வாயே வரல.

வெள்ளிக்கிழமை. ஆபீஸ்ல. மாசக் கணக்கு முடிக்குற நாள், மண்டை காஞ்சு போயி பாட்டாவது கேப்போம்னு பாத்தா ஆபீஸ் நெட்ல வரல, சிஸ்டம் பாக்குற தம்பி வந்து "அக்கா இதப் போட்டாதான் வரும்"னு பத்து செகண்டுல இதே லேப்டாப்ல எதையோ தட்டிட்டுப் போனான். அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் பாட்டு ஓடுச்சு, நானும் மறந்துட்டேன். அந்த ஆப் மட்டும் மறக்கல. ஆபீஸ் நெட்டுக்குள்ள மட்டும் இருக்குற ஒரு கதவ, எங்க வீட்டு ஹால்ல நின்னு தட்டிக்கிட்டே இருந்திருக்கு. பிரவுசருக்கு அந்தக் கதை தெரியாது, அது பாட்டுக்கு வெண்டைக்காய வதக்கிட்டு இருந்துச்சு.

சரி, தப்பு என்னோடதுதான். முக்கால்வாசி. ஆனா ஒண்ணு கேக்குறேன், அது எனக்குத் தெரிய வேணாமா? "நீங்க குடுத்த ப்ராக்ஸி பதில் சொல்லல"ன்னு ஒரு வரி போட்டா என்ன கொறஞ்சா போயிடும்? பிரவுசருங்க சொல்லுதுல்ல, ப்ராக்ஸில மாட்டிக்கிச்சுன்னா ப்ராக்ஸின்னு பேரச் சொல்லியே எரர் காட்டும். இதுக்கு மட்டும் என்ன நடந்தாலும் ஒரே பதில், நெட் இல்ல. கைல குடுத்த சீட்டுல அட்ரஸ் தப்பா இருந்துச்சுன்னா, சீட்டு தப்புன்னு சொல்லுவீங்களா, ஊரே இல்லன்னு சொல்லுவீங்களா?

அதுவும் நான் தூக்கிப் போட்டுட்டு புதுசா போட்டேன்ல, அப்பவாவது போயிருக்கணுமா இல்லையா? போகாதாம். ஆப் போனாலும் அதோட செட்டிங்ஸ் எங்கயோ உள்ள மறைஞ்சு கெடக்குற ஒரு ஃபோல்டர்ல தங்கிடுமாம், அந்த ஃபோல்டருக்குப் பேரு ரோமிங். பேருக்கேத்த மாதிரி அங்க சுத்திக்கிட்டு இருந்திருக்கு, புது ஆப் வந்ததும் வாங்க வாங்கன்னு அந்தப் பழைய நம்பரத் தூக்கிக் குடுத்திருக்கு. வீட்டக் காலி பண்ணவன் கடன் பாக்கிய அடுத்து வந்தவன் தலைல கட்டுன கதை. அப்ப அந்த உதவிப் பக்கத்துல அன்இன்ஸ்டால் பண்ணுன்னு ஏன்யா எழுதி வச்ச? எனக்கு உடற்பயிற்சிக்கா?

"நோ ப்ராக்ஸி"ன்னு மாத்துனேன். பட்டை மறைஞ்சிடுச்சு. மூணேகால் மணி நேரம், ஒரு கிளிக்.

மொத பாட்டு என்ன வந்துச்சுன்னு நினைக்குறீங்க? யானைக்குட்டி ரைம்ஸ். எம்பையன் புண்ணியத்துல "உங்களுக்காகவே தேர்ந்தெடுத்தவை"ல பதினாறு ரைம்ஸ், நடுவுல ஒரே ஒரு நாதஸ்வரம். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, அடக்க முடியல, இவரு எட்டிப் பாத்துட்டு "அதான் வந்துடுச்சுல்ல, நான் சொன்னேன்ல"ங்குறாரு. என்னங்க சொன்னீங்க நீங்க?

சரி போவுதுன்னு சத்தத்தக் கூட்டி வச்சுட்டு இஸ்திரிப் பெட்டிய எடுக்கப் போனா, கூடை காலி. அத்தை அடுப்படி ஸ்விட்சுல சொருகி, கோடை எஃப்எம் கேட்டுக்கிட்டே மொத்தத்தையும் தேச்சு மடிச்சு கட்டில் மேல அடுக்கி வச்சிருக்காங்க. ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தாலாவது பரவால்ல.

அடுக்குல மேலாக்க இவரோட வெள்ளைச் சட்டை, பாக்கெட்டுக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்கு நீலமா மை. பேனாவோட சட்டைய மிஷின்ல போடாதீங்கன்னு இந்த வீட்டுல எத்தனை தடவைதான் சொல்றது?