எழுந்து நிற்கச் சொன்னவரின் பதவி போனது

யூதக் கல்வி மரபில் ஆசிரியருக்கு உள்ள இடம் என்று பேச்சு வந்தால் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுவார்கள். குருவின் இருக்கையில் உட்காரக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தூரத்தில் வருவது தெரிந்ததுமே எழுந்துவிட வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடீஸ் எழுதிய சட்டத் தொகுப்பில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டு முந்திய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இன்னும் ஒரு படி மேலே போகிறது. அப்பாவும் ஆசிரியரும் ஆளுக்கொரு பொருளைத் தொலைத்துவிட்டால், முதலில் தேடித் தர வேண்டியது ஆசிரியருடையதை. அப்பா இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தார், ஆசிரியர் மறு உலகத்துக்குக் கொண்டுசேர்க்கிறார் என்பது காரணம். (அப்பாவும் கற்றறிந்தவர் என்றால் அவருக்கே முதலிடம் என்று உடனே ஒரு விலக்கும் உண்டு. தந்தையர் ஆறுதல் கொள்ளலாம்.)

இதெல்லாம் உண்மை, ஆனால் பாதி உண்மை. மீதியை மேடைகளில் யாரும் அதிகம் எடுப்பதில்லை என்பதே என் வருத்தம்.

கி.பி. 70இல் எருசலேம் கோவில் இடிந்த பிறகு யூதக் கல்வி யாவ்னே என்ற ஊரில் மீண்டும் தலையெடுத்தது. அங்கே தலைமையில் இருந்தவர் ரப்பான் கம்லியேல். அவரோடு இருந்த பெரும் அறிஞர் ரபி யோசுவா. (ரப்பான், ரபி இரண்டும் குருவுக்குரிய பட்டங்கள்.) பிறை கண்டு மாதத்தைத் தொடங்குவதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. "உன் கணக்குப்படி யோம் கிப்பூர் வரும் நாளன்று, கைத்தடியும் பணமுமாக என்னிடம் வா" என்று தலைவர் உத்தரவு போட்டார். ஆண்டிலேயே மிகப் புனிதமான நாளில் பணத்தை எடுத்துக்கொண்டு பயணம் போகச் சொல்வது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். யோசுவா வந்தார். கம்லியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, "அறிவில் என் குருவே, என் சொல்லை ஏற்றதில் என் சீடனே" என்று வரவேற்றார்.

அடங்கிப் போவதே மரியாதை என்பவர்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் கதை இங்கே முடியவில்லை. இரவு வழிபாடு கட்டாயமா, விருப்பமா என்று அடுத்த சர்ச்சை வந்தது. இந்த முறை கம்லியேல் யோசுவாவைச் சபை நடுவே எழுந்து நிற்கச் சொன்னார். தான் உட்கார்ந்தபடி பாடத்தைத் தொடர்ந்தார். முதியவர் நின்றுகொண்டே இருந்தார். கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது. தலைவரின் சொல்லை உரக்க எடுத்துச் சொல்லும் பணியில் இருந்தவரை "நிறுத்து" என்றார்கள். "இவரை இன்னும் எவ்வளவு காலம்தான் நோகடிப்பார்?" என்று கேட்டு, அன்றைக்கே கம்லியேலைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர் இடத்தில் உட்காரவைத்தது ரபி எலாசர் பென் அசரியாவை. மிஷ்னாவையும் அதன் மீதான விவாதங்களையும் கொண்ட தல்மூத் சொல்லும் வயது 18!

கம்லியேல் காலத்தில் கல்விக்கூட வாசலில் ஒரு காவலாள் இருந்தான். அகமும் புறமும் ஒன்றாக இல்லாத மாணவன் உள்ளே வரக் கூடாது என்பது விதி. காவலை எடுத்தார்கள். அன்று கூடுதலாகப் போட்ட பெஞ்சுகள் 400 என்று ஒரு கணக்கு, 700 என்று இன்னொன்று. கம்லியேலையும் பாராட்ட வேண்டும். பதவி போன பிறகும் அவர் பாடத்துக்கு வராமல் இருக்கவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்க யோசுவா வீட்டுக்குப் போனவர், சுவரெல்லாம் கரி படிந்திருப்பதைப் பார்த்து, "நீர் கரித்தொழில் செய்பவர் போலிருக்கிறதே" என்றார். யோசுவாவுக்குப் பொறுக்கவில்லை. அறிஞர்கள் என்ன பாடுபட்டுப் பிழைக்கிறார்கள் என்றுகூடத் தெரியாத உம்மைத் தலைவராகக் கொண்ட தலைமுறைக்கு ஐயோ என்றார்.

ஆசிரியர் மரியாதை பற்றி வாய் கிழியப் பேசும் எந்த நிர்வாகக் குழுவும் முதலில் படிக்க வேண்டிய இடம் இதுதான். 25 பிள்ளைகள் வரை ஓர் ஆசிரியர், அதைத் தாண்டி 40 வரை கூடவே ஓர் உதவியாளர், அதற்கு மேல் போனால் இரண்டு ஆசிரியர் என்று மைமோனிடீஸ் எழுதிவைத்திருக்கிறார். எழுந்து நிற்பது செலவில்லாத மரியாதை. இது காசு கேட்கிற மரியாதை.

இன்னொரு ஜோடி, குருவான ரபி யோகனானும் அவரிடம் படித்து அவரோடு வாதிட்ட ரெஷ் லகீஷும். ரெஷ் லகீஷ் முன்னாள் கொள்ளைக்காரர். வாள், கத்தி பற்றிய ஒரு விவாதத்தில் யோகனான், "கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியும்தானே" என்று குத்திவிட்டார். அந்த மனக்கசப்பிலேயே ரெஷ் லகீஷ் நோயில் விழுந்து இறந்துபோனார். துயரத்தில் இருந்த யோகனானுக்குத் துணையாக வேறொருவரை அனுப்பினார்கள். அவரோ, எதைச் சொன்னாலும் அதற்கு ஆதாரம் காட்டித் தலையாட்டினார். "நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா? அவன் 24 மறுப்புகள் சொல்வான், நான் 24 பதில்கள் தருவேன், சட்டம் விரிந்துகொண்டே போகும்" என்று புலம்பினார் யோகனான்.

ஆனால் இன்றும் சில இடங்களில் மரியாதை என்பது வாயை மூடிக்கொள்வதுதான். ஆஸ்திரேலியாவின் அரச விசாரணை ஆணையம் 2015 பிப்ரவரியில், மெல்பர்னிலும் சிட்னியிலும் இரண்டு யூதக் கல்வி நிறுவனங்களில் சிறுவர்களுக்கு நடந்த பாலியல் கொடுமைகளை விசாரித்தது. புகார் சொன்ன குடும்பங்களைச் சமூகமே ஒதுக்கிவைத்தது சாட்சியத்தில் வந்தது. ரபியைப் பற்றி வெளியே பேசினால் யூத வேதமான தோராவுக்கே அவமானம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கடவுளின் பெயருக்குக் களங்கம் வரும் இடத்தில் ரபிக்கு மரியாதை பார்க்கக் கூடாது என்று அதே தல்மூத், பெராகோத் என்ற பகுதியின் 19ஆம் ஏட்டில், நேரடியாகவே சொல்கிறது.

"பயம் போய்விட்டால் வகுப்பு நடக்குமா?" என்று கேட்பார்கள். மாணவனின் மானம் உன் மானம்போல உனக்கு அருமையாக இருக்கட்டும் என்று மிஷ்னாவிலேயே இருக்கிறது. அந்த மிஷ்னாவைத் தொகுத்த யூதா ஹநாசி வேறு யாருமல்ல, பதவி இழந்த கம்லியேலின் பேரன். நினைத்திருந்தால் தாத்தாவுக்கு நேர்ந்ததைச் சுவடில்லாமல் அழித்திருக்கலாம். கைத்தடிக் கதையை அப்படியே விட்டுவைத்தார். "எலாசர் பென் அசரியாவைத் தலைமையில் அமர்த்திய நாளில்" என்ற குறிப்பும் அந்தத் தொகுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அப்படியே இருக்கிறது.