ஹெல்ஹாமரோட அந்த நாலு பாட்டு

"வாசிக்கத் தெரியாத பசங்க, ஆனா வரலாற்றுக்காக ஒரு தடவ கேட்டு வைக்கலாம்"னு ஹெல்ஹாமர்ங்குற மெட்டல் பேண்டப் பத்தி எவனாச்சும் சொன்னா எனக்கு சுர்ருனு ஏறும். வரலாற்றுக்காகவா? அவங்களோட அப்போகலிப்டிக் ரெய்ட்ஸ் ரெக்கார்டு என்ன மியூசியத்துல வைக்கிற சாமானா, இன்னைக்கு நைட்டு ஹெட்போன் மாட்டிக் கேட்டாலும் வயித்தப் பிசையும் பாஸ்.

1984 மார்ச்சுல பெர்லின்ல ரெக்கார்டிங். சூரிச் பக்கத்துலேர்ந்து வந்த மூணு சுவிஸ் பசங்க. கிட்டார் வாசிச்சுப் பாடுன டாம் வாரியருக்கு வயசு 20, பேஸ் வாசிச்ச மார்ட்டின் எரிக் ஐனுக்கு 16, பத்தாவது பன்னெண்டாவது படிக்கிற வயசுய்யா அது. மொத்தம் நாலே பாட்டு, ஏறக்கொறைய 19 நிமிஷம். முதல் ரெண்டும் வெனம், டிஸ்சார்ஜ் மாதிரி பேண்டுங்கள எல்லாம் கேட்டுக் கேட்டு ஊறிப்போன வேகம், சட்டுனு முடிஞ்சிடும். அடுத்து வருது பாருங்க ட்ரையம்ஃப் ஆஃப் டெத், அது ஒண்ணே ஒன்பதரை நிமிஷம். மத்த பேண்டுங்க ஆளாளுக்கு யாரு வேகம்னு போட்டி போட்டுட்டு இருந்த நேரத்துல இவங்க ஒரு ரிஃப்ப, அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்க, எடுத்து இழு இழுன்னு இழுக்குறாங்க, டாம் பாடுறத விட ஓலமிடுறதுதான் ஜாஸ்தி, பாட்டு எப்போ முடியும்னே தெரியாது, முடியவும் கூடாதுன்னு தோணும்.

இதே ரிஃப்ப கை தேர்ந்தவன்கிட்ட குடுத்திருந்தா நடுவுல நாலு நோட்டு சொருகி ஒரு சோலோவும் வச்சு சோலிய முடிச்சிருப்பான். இவங்களுக்குத் தெரிஞ்சது கம்மி, அதனால தெரிஞ்சத விடாம அமுக்கிப் புடிச்சாங்க, அந்த கனம் அதுலேர்ந்துதான் வருது. பின்னாடி வந்த டூம் மெட்டல், டெத் மெட்டல் வகைங்க, நார்வே பேண்டு டார்க்த்ரோன் வரைக்கும் இந்தக் கடன் இருக்கு.

அப்போ பத்திரிகைக்காரங்க கிழி கிழின்னு கிழிச்சாங்க. மே மாசமே பேண்டக் கலைச்சுட்டு டாமும் மார்ட்டினும் செல்டிக் ஃப்ராஸ்ட் ஆரம்பிச்சாங்க, அதே வருஷமே அவங்க ரெக்கார்டு மோர்பிட் டேல்ஸ் வந்துடுச்சு. அது இன்னும் நல்ல ரெக்கார்டு, சண்டை போடல, ஆனா அதுல யோசிச்சு வாசிக்கிறாங்கன்னு தெரியும். இதுல அது தெரியாது.

ரொம்ப வருஷம் ஹெல்ஹாமர் பக்கமே திரும்பாத டாம், ட்ரையம்ஃப் ஆஃப் டெத்ங்குற பேர்லயே ஒரு பேண்டு கட்டி இந்தப் பாட்டையெல்லாம் மேடையில வாசிக்கிறாரு, 2023ல லைவ் ஆல்பமும் வந்துச்சு. சவுண்டு மலை மாதிரி இருக்கு, வாசிப்பு சுத்தம். எனக்குப் புடிச்சிருந்துச்சு, ஆனா பயம் வரல. 2017ல மார்ட்டின் இறந்து போய்ட்டாரு, அந்தப் பேஸும் இல்ல.

புதுசா கேக்குறவங்களுக்கு ஒண்ணு. 1990ல வந்த ரீஇஷ்யூல ரெண்டு பாட்டு கூட சேர்த்திருக்காங்க, முன்னாடி ஹெல்லோவீன், ரன்னிங் வைல்டுங்குற பேண்டுங்க கூட ஒரு கம்பைலேஷன்ல வந்த பாட்டுங்க. அதுல ஒண்ணான மெசயா செம பாட்டு, ஆனா அத தனியா கேளுங்க. முதல்ல அந்த நாலு, கடைசிப் பாட்டு ஹோரஸ் / அக்ரெஸர் முடிஞ்சதும் நிறுத்திடுங்க.