பச்சையாக இருந்தால் போதுமா?

முகநூலில் வந்த அந்த இரண்டு படங்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதல் படத்தில் திருகோணமலை தம்பலகாமத்துப் பக்கம் மேய்ச்சல் தரையில் ஆறு தம்பிமார் வாளியும் கையுமாக யூரியா வீசுகிறார்கள். அடுத்ததில், மூன்று கிழமை கழித்து, அதே ஆறு பேர் முழங்காலளவு புல்லில் நின்று சிரிக்கிறார்கள். "ஒவ்வொரு வருடமும் செய்வோம்" என்று எழுதியிருந்தார்கள். நான் கீழே எழுதியது ஒரே வரி: "பச்சை வந்துவிட்டது, புல்வெளி போகப்போகிறது." அதற்கு முப்பத்தெட்டு ஹாஹா. "பச்சையைப் பார்த்தும் வயிறெரிகிற ஆள்" என்று ஒரு பட்டமும் கிடைத்தது. நன்றி.

சரி, ஒரு வரியில் சொன்னது விளங்கவில்லை என்றால் நீட்டியே சொல்கிறேன். பச்சை வேறு, புல்வெளி வேறு.

அந்தத் தரையில் குந்தியிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அருகம்புல்லுக்கு நடுவில் சிறுபுள்ளடி படர்ந்திருக்கும், காசளவு கூட இல்லாத இலை. தும்பை நிற்கும். விஷ்ணுகிராந்தி நீலப் பொட்டு வைத்த மாதிரி மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். எல்லாம் குள்ளன்கள். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன், செடியை வளர்த்துவிடுகிற சத்து. அதை வீசினால் எல்லாம் சமமாக வளராது. கினிப்புல் மாதிரி ஏற்கெனவே வாட்டசாட்டமானதுதான் அள்ளிச் சாப்பிட்டு எழும்பும். எழும்பினால் கீழே நிழல். நிழலில் குள்ளன்கள் சாவார்கள். அவ்வளவுதான் கதை. சுவிற்சர்லாந்தில் சூரிச்சில் இதைச் சோதித்து 2009இல் எழுதினார்கள்: உரம் போட்ட புல்லுக்கு அடியில் விளக்குப் பிடித்தார்கள், சின்னச் செடிகள் பிழைத்துக்கொண்டன. நம் தம்பிமார் விளக்கும் பிடிப்பார்களா தெரியாது. சிறுபுள்ளடிக்கு இன்னொரு அநியாயமும் உண்டு. அது காற்றிலிருக்கிற நைதரசனை வேர்முடிச்சில் தானே சேர்த்து வைக்கிற செடி. இலவசமாக வேலை செய்கிறவனை வீட்டை விட்டுத் துரத்திவிட்டு, காசு கொடுத்துச் சாமான் வாங்குகிறோம்.

இங்கிலாந்தில் ரொதம்ஸ்ரெட் என்ற இடத்தில் 1856இலிருந்து ஒரே புல்வெளியைப் பாத்தி பிரித்து, பாத்திக்கொரு பசளை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றும் போடாத பாத்தியில் நாற்பது வகையளவு செடிகள். அமோனியம் சல்பேற் என்ற நைதரசன் பசளை மட்டும் ஏறி மண் புளித்துப்போன பாத்தியில் இரண்டு மூன்று. அதுவும் பச்சைதான்!

"அது வெள்ளைக்காரன் ஊர் அண்ணே, இங்கே வேறு" என்று ஒரு தம்பி. சரி, இங்கேயே வருகிறேன். எங்கள் வளவில் ஒரு பசு நின்றது. நான் படித்த திமிரில் அரை அந்தர் யூரியாவை வேலியோரப் புல்லுக்கு வீசினேன். ஒரு மாதத்தில் கினிப்புல் என் தோளுக்கு வந்தது. அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அம்மா புல்லைப் பார்க்கவே இல்லை. "பச்சையப் பாக்காத தம்பி, மாட்டுட வாயப் பாரு" என்றா. பசு நுனியைக் கடித்துவிட்டு, வேலிக்கு வெளியே அருகம்புல்லுக்குத் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் ஆடி மாத வறண்ட கச்சான் காற்று அடித்தது. கினிப்புல் வைக்கோலாகி நின்றது, அதன் காலடியில் வெறும் மண். முந்தின வருடங்களில் அந்தக் காற்றிலும் ஏதாவது ஒன்று ஈரம் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒன்று வாடினால் மற்றது நிற்கும். பலவகை இருப்பதன் பயனே அதுதான்.

அமெரிக்காவில் மினசோட்டாவிலும் இதையே கண்டார்கள். ரில்மன் என்ற விஞ்ஞானி 1982இல் வெவ்வேறு அளவில் உரம் போட்டுத் தொடங்கிய பாத்திகளை 1988 வறட்சி பிடித்தது. பலவகை இருந்தவை குறைவாக வாடி, சீக்கிரம் மீண்டன. வகை குறைந்தவை விழுந்தன. "அங்கே வகை குறைந்ததே உரத்தால்தானே, அப்போது குற்றம் வகையிலா உரத்திலா" என்று மற்ற விஞ்ஞானிகள் அவரோடு சண்டை பிடித்தார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எந்தப் பக்கம் தீர்ப்பு வந்தாலும் வாளி தூக்கியவர்களுக்கு நல்லதில்லையே? இன்னொன்று, அங்கேயே பத்து வருடம் உரம் போட்டு நிறுத்திய பாத்திகளில், நிறுத்தி இருபது வருடமாகியும் போன வகைகள் திரும்பவில்லை. ஒருமுறை வீசினால் எல்லாம் செத்துவிடாது, ஒத்துக்கொள்கிறேன். என் பயம் "ஒவ்வொரு வருடமும்" என்ற சொல்லில்.

அடுத்தது, நான் "2021 கோஷ்டி"யாம். அந்த வருடம் அரசு இரசாயனப் பசளைக்குப் போட்ட தடையை ஆதரித்தவனாம். ஐயா, அந்தப் பெரும்போகத்தில் என் மூன்று ஏக்கர் மஞ்சளடித்து நின்றது. யூரியா தேடி நானும் அலைந்தேன். நவம்பரில் தடையைத் தூக்கியபோது பெருமூச்சு விட்டவர்களில் நானும் ஒருவன். நெல் ஒரே பயிர், அதற்கு நாங்கள் போடத்தான் வேண்டும். மேய்ச்சல் தரை வயலா? இதை எத்தனை தடவை எழுதுவது?

மாட்டுப் பட்டிக்காரர்களுக்குப் புல் போதவில்லை என்பது உண்மை. அதற்கு மேய்ச்சல் தரையை அடைத்து வளைத்தவர்களைக் கேளுங்கள். அவர்களிடம் போக வாய் வராது, என்னிடம் ஹாஹா போட விரல் வரும்.

அந்த முப்பத்தெட்டில் ஒன்று என் மருமகனுடையது. சின்ன வயதில் அதே தரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு தும்பைப் பூவில் தேன் உறிஞ்சின பிள்ளை. மற்ற முப்பத்தேழு பேரையும் நான் மறந்துவிடுவேன்.

கிழக்கு மூலையில், வாளி எட்டாத இடத்தில், விஷ்ணுகிராந்தி இன்னும் கிடக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் காலையிலேயே போங்கள், மத்தியானத்துக்குள் பூ சுருண்டுவிடும். மருமகனே, உனக்கும்தான் சொல்கிறேன்.