பூனை நடந்த கீபோர்டு

சரி, ஒரு பழைய மில்லோட ஃபைல்ல இருந்து கணக்கைப் பிரிச்செடுக்க பெர்ல்ங்கற ப்ரோக்ராமிங் மொழியில நான் எழுதின ஒரு பேட்டர்னை (ரெஜெக்ஸ்னும் சொல்லுவாங்க, டெக்ஸ்ட்ல எந்த மாதிரி எழுத்தைத் தேடணும்னு சொல்ற குறிப்பு) கிண்டல் பண்ணிப் போட்ட அந்த ஸ்கிரீன்ஷாட் பத்தி நானே பேசிடறேன். நேத்துல இருந்து ஏழெட்டுப் பேர் இன்பாக்ஸ்ல வந்து "அண்ணா, அது நீங்க எழுதினதா?"ன்னு கேட்டாச்சு. ஆமாங்க, நான் எழுதினதுதான். பூனை கீபோர்டு மேல நடந்த மாதிரி இருக்குன்னு கூட வேலை பாக்கற தம்பி தலைப்புப் போட்டிருக்கார். நல்லாத்தான் இருக்கு. முதல் தடவை பாத்தப்ப நானும் சிரிச்சேன்.

ரெண்டாவது தடவை பாத்தப்பதான் ஒன்னு கவனிச்சேன். நான் அதை 23 வரியா எழுதியிருந்தேன். பெர்ல்ல பேட்டர்ன் முடியற இடத்துல ஒரு எக்ஸ் போட்டுட்டா உள்ள தாராளமா இடம் விடலாம், வரி மாத்தலாம், ஹேஷ் போட்டுப் பக்கத்துலயே குறிப்பும் எழுதலாம். எழுதியிருந்தேன். "இது தேதி." "இது லாட் நம்பர், 2006க்கு முன்னாடி இருக்காது." "இது பார்ட்டி பேரு, நம்பாதே." அத்தனையும் தமிழ்லயே. அதையெல்லாம் அழிச்சு, ஒரே வரியா ஒட்டி, அப்புறம் படம் எடுத்துப் போட்டிருக்கீங்க. சுட்ட தோசையைக் கசக்கி உருண்டையாக்கி வச்சுட்டு "இதுவா உங்க வீட்டு தோசை?"ன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?

நான் சொல்ல வர்றது ஒன்னே ஒன்னுதான். பேட்டர்ன் அசிங்கமா இருக்குன்னா ஃபைல் அசிங்கமா இருக்குன்னு அர்த்தம். அந்த ஃபைலை யாராவது திறந்து பாத்தீங்களா?

பாக்காதவங்களுக்குச் சொல்றேன். ஒரு பழைய மில்லோட பஞ்சு கொள்முதல் ரிஜிஸ்டர். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் போக வேண்டியதை 132 எழுத்து அகலத்துல டெக்ஸ்ட் ஃபைலா சேமிச்சு வச்சிருக்காங்க. பக்கம் முடியற எடமெல்லாம் கம்பெனி பேரு, தேதி, பக்க எண், கோடு. சில சமயம் ஒரே என்ட்ரியோட முதல் வரி இந்தப் பக்கத்துல, ரெண்டாவது வரி அடுத்த பக்கத் தலைப்புக்குக் கீழ. பார்ட்டி பேரு நீளமா இருந்தா கீழ மடிஞ்சு விழும். அதே பார்ட்டி மறுபடி வந்தா பேரு இருக்காது, ரெட்டைக் கோடு மட்டும் இருக்கும், மேற்படின்னு அர்த்தம். தொகையில நம்ம ஊர் கமா, 12,34,567.00 மாதிரி. திருப்பி அனுப்பின பஞ்சுக்கு மைனஸ் போட்டிருக்காங்க, ஆனா எண்ணுக்கு முன்னாடி இல்லீங்க, பின்னாடி. எடை கொஞ்சம் பெருசாயிட்டா பக்கத்துக் கட்டத்துத் தொகையோட இடைவெளியே இல்லாம ஒட்டிக்கும்.

இத்தனை கோணலையும் புடிக்கற பேட்டர்ன் கோலம் மாதிரியா இருக்கும்?

"பைத்தான்ல எழுதியிருந்தா சுத்தமா இருந்திருக்கும்"னு ஒரு கமெண்ட். அறுபத்து மூணு லைக். பைத்தான் மேல எனக்குப் பகை ஒன்னும் இல்ல, தினமும் எழுதறேன். ஆனா பைத்தான்ல பேட்டர்ன் எழுதறப்ப பேக்ஸ்லாஷ் டி, பேக்ஸ்லாஷ் எஸ், கேள்விக்குறி போட்ட நட்சத்திரம்னு எழுதறீங்களே, அந்த வழக்கம் எங்க இருந்து பரவுச்சுன்னு நெனைக்கறீங்க? வெப்சைட் எழுதற பிஹெச்பிகாரங்க பேட்டர்ன் தேட தினமும் கூப்பிடற ப்ரெக் ஃபங்ஷன்கள்ல முதல் எழுத்தே பெர்ல்தான். பேட்டர்ன் தேடறதுக்குன்னே இருக்கற பிசிஆர்இ லைப்ரரியோட பேரே "பெர்லுக்கு ஒத்துப்போறது"ன்னுதான் அர்த்தம். லாரி வால் 1987 டிசம்பர்ல பெர்லை வெளியிட்டார். பேரை விரிச்சா டெக்ஸ்ட்ல இருந்து தகவலைப் பிரிச்சு ரிப்போர்ட் போடற மொழின்னு வரும். (பேரு வச்சப்புறம் தேடிப் புடிச்ச விரிவாக்கம்னும் சொல்லுவாங்க, இருக்கட்டும்.) அந்த வேலைக்கே பொறந்த மொழியை அந்த வேலைக்கு எடுத்ததுக்கா இத்தனை சிரிப்பு?

தமிழ், தமிழ்னு நெஞ்சைத் தட்டறவங்க இதையும் கேளுங்க. போன வருஷம் எங்க ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடைப் பட்டியலை நோட்பேட்ல தமிழ்ல அடிச்சு வச்சிருந்தாங்க. பேரையும் தொகையையும் பிரிக்கணும். பேட்டர்ன் தேட பைத்தானோட கூடவே வர்ற ரீ மாட்யூல்ல, ஒரு சொல்லை எடுன்னு பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ் போட்டேன். "முருகன்" மூணு துண்டா வந்தார்: ம, ர, கன. உகரக் குறியும் புள்ளியும் அதுக்கு எழுத்தே இல்லையாம். பெர்ல்ல ஃபைல் யூடிஎஃப்-8னு (தமிழ் எழுத்தையும் சேமிக்கற முறை அது) ஒரு வார்த்தை சொன்னேன், அதே பேட்டர்ன், முருகன் முழுசா வந்துட்டார். வேற மாட்யூல் ஒன்னு இன்ஸ்டால் பண்ணா பைத்தான்லயும் சரியாகும், ஒத்துக்கறேன். ஆனா துண்டாகுதுன்னு பாத்தாத்தானே இன்ஸ்டால் பண்ணுவீங்க.

கட்டம் கட்டமா அளந்து வச்ச ஃபைலுக்கு ரெஜெக்ஸ் எதுக்கு, இத்தனை எழுத்துன்னு அளந்து வெட்டற அன்பேக் போதுமேன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயம். ஒட்டிக்கிட்ட அந்த ரெண்டு கட்டத்துக்கு அன்பேக்தான் போட்டிருக்கேன். படத்துல அதை வெட்டிட்டாங்க.

ரெஜெக்ஸே ஆபத்துன்னு இன்னொருத்தர் லிங்க் லிங்கா கொட்டியிருக்கார். 2016 ஜூலை 20, ப்ரோக்ராமர்ங்க கேள்வி கேக்கற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சைட் 34 நிமிஷம் படுத்துச்சு. வரிக் கடைசியில இருக்கற வெத்து இடத்தை வெட்டற ஒரு சின்னப் பேட்டர்ன், நடுவுல சுமார் 20,000 வெத்து எழுத்து இருந்த ஒரு வரியில மாட்டிக்கிட்டு முன்னும் பின்னும் போய்த் தேடினது. 2019 ஜூலை 2, ஏகப்பட்ட வெப்சைட்டுக்கு முன்னாடி காவல் நிக்கற கிளவுட்ஃப்ளேர் 27 நிமிஷம், அதுவும் பேராசை புடிச்ச புள்ளி-நட்சத்திரத்தால (எந்த எழுத்தானாலும் எவ்வளவு வேணா புடின்னு அர்த்தம்). எனக்குத் தெரியாதுங்களா? ஆனா உலகமே வந்து மோதற சர்வரும், மில்லுக்காக ராத்திரி என் லேப்டாப்ல ஒரே ஒரு தடவை ஓடற ஸ்கிரிப்டும் ஒன்னா? எது வந்து விழும்னே தெரியாத இடத்துல அவங்க பேட்டர்ன் வச்சாங்க. நான் வச்ச ஃபைலை நாலு நாள் உக்காந்து வரி வரியா படிச்சிருக்கேன்.

ஏன் படிச்சேன்னா, படிக்காம ஒரு தடவை வாங்கிக் கட்டியிருக்கேன். 2004. வேற ஒரு மில்லுக்குச் சம்பள ஃபைல். வரியில முதல்ல டோக்கன் நம்பரைப் புடிச்சு டாலர் ஒன்னுல (பேட்டர்ன் புடிச்ச முதல் துண்டை பெர்ல் வைக்கற இடம்) இருந்து எடுத்துக்கிட்டேன். அடுத்து ஓ.டி. (ஓவர்டைம்) தொகைக்கு ஒரு பேட்டர்ன், அதையும் டாலர் ஒன்னுல இருந்தே எடுத்தேன். ஓ.டி. பாக்காதவங்களுக்கு அங்க 0.00 இருக்கும்னு நெனச்சேன். இருந்தது வெறும் ஒத்தைக் கோடு. பேட்டர்ன் தோத்துப் போச்சு. தோத்தா பெர்ல் டாலர் ஒன்னைக் காலி பண்ணாது, முன்னாடி புடிச்சதை அப்படியே வச்சிருக்கும். புடிச்சதான்னு ஒரு இஃப் போட்டுக் கேக்க வேண்டியது நம்ம வேலை. நான் கேக்கல. டோக்கன் நம்பர் 1147 அக்காவுக்கு ஓ.டி. 1147 ரூபாய். ஒரு நிமிஷம்கூட ஓ.டி. பாக்காதவங்க. அந்த அக்காவே கவரோட மேனேஜர் ரூமுக்கு வந்து "எனக்கு இவ்வளவு வராதுங்களே சாமி"ன்னு நின்னாங்க. அங்க ஓரமா நின்ன எனக்கு அன்னைக்குத் தலை நிமிரல. அதுக்கப்புறம் இஃப் போடாம நான் டாலர் ஒன்னைத் தொட்டதில்ல.

அதனாலதான், "இதெல்லாம் இப்ப ஏஐ மூணு செகண்ட்ல எழுதிடும் அண்ணா"ன்னு சொன்னா எனக்குப் பொசுக்குனு வருது. எழுதும்பா. நானும் கேட்டேன், எழுதிச்சு. என்னோடதை விட அழகா இருந்துச்சு. முதல் ஐம்பது வரி கச்சிதம். எடையும் தொகையும் ஒட்டின வரியில புடிக்கல, புடிக்கலன்னு சொல்லவும் இல்ல, சத்தமில்லாம தாண்டிப் போயிடுச்சு. அதுகிட்ட அந்த வரியை நான் காட்டல, அதுக்கு எப்படித் தெரியும்? காட்டணும்னா எனக்குத் தெரியணும். தெரியணும்னா ஃபைலைத் திறந்து பாக்கணும். சுத்திச் சுத்தி அங்கதான் வரேன், கோச்சுக்காதீங்க.

இத்தனைக்கும் பெர்ல் பேர் கெட்டுப்போனதுக்கு எங்க ஆளுங்களும் காரணம்தான். 2007லயே பெர்ல் 5.10 வந்து, புடிச்ச துண்டுக்குப் பேரு வைக்கற வசதி வந்துடுச்சு. அதுக்கப்புறமும் டாலர் ஏழு, டாலர் எட்டுன்னு எண்ணிக்கிட்டு, ஒரே வரியில எழுதினதைப் பெருமையா சுத்தி விட்டவங்க நாங்கதான். அந்தப் பழி கொஞ்சம் நியாயம்.

ஆனா மீட்டிங்ல அந்தப் படத்தைப் பெரிய ஸ்கிரீன்ல போட்டு, "இது நம்ம லெகசி"ன்னு (பழைய சரக்குன்னு அர்த்தம்) ஒருத்தர் சொல்ல, எல்லாரும் என் பக்கம் திரும்பிச் சிரிச்சீங்களே, அப்ப ஸ்கிரிப்டைப் பாத்து யாரும் சிரிக்கல. எனக்கு ஐம்பது வயசு. 1998ல வேலைக்கு வந்தவன். தம்பிக்கு முதல் வாரம் லாகின் கிடைக்காம உக்காந்திருந்தப்ப டீ வாங்கிக் குடுத்து, ஃபைலுக்குள்ள தேடற கிரெப்னா என்னன்னு சொல்லிக் குடுத்தது இந்த லெகசிதான். சொல்லிக்காட்டக் கூடாதுன்னு இருந்தேன். சொல்லிட்டேன், போகட்டும்.

இன்னொன்னு. அந்த ஸ்கிரிப்ட் எடுத்துக் குடுத்த, 2001ல இருந்து 2008 வரைக்கும் எட்டு வருஷக் கொள்முதல் மொத்தமும் ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கணக்கோட பைசா பிசகாம ஒத்துப் போச்சு. வருஷத்துக்கு ஒரு வரியா எட்டு வரி, எட்டுலயும் வித்தியாசம் 0.00. அதை யாரும் படம் எடுக்கல.

2009க்கு அப்புறம் அந்த மில்லுல சாஃப்ட்வேர் மாத்தியிருக்காங்க, கட்டமெல்லாம் எடம் மாறியிருக்கும். மாத்தினதுக்கு அப்புறமான மூணு வருஷ ஃபைல் திங்கக்கெழமை வருது. செவ்வாக்கெழமை கேட்பாங்க. நான் வெள்ளிக்கெழமை வரைக்கும் லீவு போட்டிருக்கேன்.