இலவசம் வேறு, உரிமம் வேறு

“கிரியேட்டிவ் காமன்ஸ் முத்திரை இருந்தால் எதையும் எதோடும் சேர்த்துப் பாடநூல் தொகுக்கலாம்” என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. இதை நம்பி இறங்கினால் சிக்கல்தான். கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது, படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமங்களின் தொகுப்பு; ஒவ்வொன்றிலும் நிபந்தனை வேறு. பிஒய் (BY) என்றால் ஆசிரியர் பெயரைச் சொல், எஸ்ஏ (SA) என்றால் மாற்றினால் இதே உரிமத்தில் வெளியிடு, என்சி (NC) என்றால் வணிகத்துக்குப் பயன்படுத்தாதே, என்டி (ND) என்றால் மாற்றி வெளியிடாதே. 4.0, 3.0 என்பவை உரிமத்தின் பதிப்பு எண்கள்.

விக்கிப்பீடியா உரை பிஒய்-எஸ்ஏ 4.0, எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் ஓப்பன்கோர்ஸ்வேர் பாடங்கள் பிஒய்-என்சி-எஸ்ஏ 4.0. இரண்டையும் பிசைந்து ஒரே அத்தியாயமாக எழுத முடியாது. இரண்டுமே ‘என் உரிமத்திலேயே வெளியிடு’ என்கின்றன. ஒன்று வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கிறது, மற்றது தடுக்கிறது. மாற்றாமல் தனித்தனிப் பகுதிகளாக வைத்து, ஒவ்வொன்றின் உரிமத்தையும் அதனதன் கீழே குறித்தால் பிரச்சினையில்லை.

இலவசப் பாடநூல்கள் வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸின் நூல்களில் பல பிஒய்தான், ஆனால் அவர்களுடைய கால்குலஸ் (நுண்கணித) நூல் பிஒய்-என்சி-எஸ்ஏ. ஆகவே தளத்தைப் பார்த்து முடிவு கட்டாமல் நூலின் முன்பக்கத்தைப் பாருங்கள். படங்களுக்குத் தனி உரிமம் இருக்கலாம், அதையும் பாருங்கள். என்டி என்றிருந்தால் தமிழாக்கம் செய்து வெளியிடவே முடியாது, மொழிபெயர்ப்பும் மாற்றமே. (மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.)

தலைப்பு, ஆசிரியர், மூலச் சுட்டி, உரிமச் சுட்டி, என்ன மாற்றினீர்கள் என்ற ஒரு வரி: இவ்வளவும் வேண்டும். ‘நன்றி: இணையம்’ போதாது. இவற்றில் ஏதாவது விட்டுப்போனால் உரிமம் தந்த உரிமை போய்விடும். ஆனால் 4.0 உரிமங்களில் ஒரு சலுகை உண்டு: தவறு தெரிந்த 30 நாளுக்குள் திருத்தினால் உரிமை தானாகவே திரும்பிவிடும். 3.0-இல் அது கிடையாது.