சிட்னி–சாண்டியாகோ: 25,000 கிலோமீட்டர் என்பது எங்கிருந்து வந்தது?

“ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கும் சிலியின் சாண்டியாகோவுக்கும் இடையே 25,000 கி.மீ. இருக்கிறது, நேரடி விமானமே போக முடியாது, பூமி தட்டைதான்” என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு. தூரம் சுமார் 11,340 கி.மீ. குவாண்டாஸ் நிறுவனம் இந்தத் தடத்தில் நேரடியாகவே பறந்து வருகிறது.

அந்த 25,000 வெறும் கற்பனையல்ல. வட துருவத்தை நடுவில் வைத்து வரைந்த வட்ட வரைபடத்தில் அளந்தால் கிட்டத்தட்ட அதுதான் கிடைக்கும். அவ்வகைப் படத்தில் தெற்கே போகப் போக கிழக்கு–மேற்கு தூரம் இழுபட்டு விரியும். பிழை அளவுகோலில் இல்லை, படத்தில் இருக்கிறது. பூகோள உருண்டையில் இரு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் அண்டார்டிக்கா பக்கம் வளைந்து, நடுவழியில் சுமார் 62 பாகை தெற்கு அட்சரேகையைத் தொடும். அதுதான் மிகக் குறுகிய பாதை.

மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் 12.6 மணி நேரம். சிட்னியிலிருந்து போகும்போது மேற்கிலிருந்து வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது அதே காற்று எதிர்க்கும் என்பதால் ஒன்றரை மணி நேரம் வரை கூடுதலாகலாம். இரட்டை எஞ்சின் விமானம் அவசரமாக இறங்க ஒரு விமான நிலையம் அனுமதித்த நேரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்காகப் பாதை வடக்கே சற்று விலகுவதுண்டு.

பயணச்சீட்டில் சிட்னியில் பகல் 12.30-க்குப் புறப்பட்டு அதே நாள் காலை 11 மணிக்கு சாண்டியாகோவில் இறங்குவதாக இருந்தால் மிரள வேண்டாம். சிட்னி கடிகாரம் சாண்டியாகோவைவிட பெரும்பாலும் 14 மணி நேரம் முன்னால் ஓடுகிறது.